எழுதிய தாளமும் எழுதாத பறையும்



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் பெருமைகளை அடுக்குவது ஊர் வழக்கம். இந்த மன்றத்தின் வழக்கம் வேறு. மறைந்தவர் தம் காலத்தில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளில் ஒன்றை எடுத்து, நமக்குத் தெரிந்த மட்டும் அதற்குப் பதில் தேடிப் பார்ப்போம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது இசை பற்றிய கேள்வி. பறைக்கு இலக்கணம் உண்டா? உண்டென்றால் அதை எழுத முடியுமா?

இந்தக் கேள்வி இரண்டு குரல்களில் வருகிறது. பயிற்சி முகாமில் முதன்முறையாகக் குச்சியைக் கையில் வாங்கிய மாணவி, "இதுக்கு நோட்ஸ் இருக்கா?" என்று கேட்கிறாள். வீட்டுக்குப் போய்ப் பழகிப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் அது. அதே கேள்வியை மேடையிலிருக்கும் இசை அறிஞர் கேட்கும்போது பொருள் மாறிவிடுகிறது. எழுதிக் காட்டுங்கள், அப்புறம் இதை இசை என்று ஒத்துக்கொள்கிறோம் என்பது அதன் உட்பொருள். அந்த மாணவிக்குப் பதில் சொல்ல நாம் கடன்பட்டிருக்கிறோம். அறிஞருக்கும் சொல்லலாம். அதற்கு முன், இசையை எழுதுவது என்றால் என்ன, அதை யார் எதற்காக உண்டாக்கினார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

ஆகவே முதலில் கொஞ்சம் பாடம். இசைக் கோட்பாடு என்றதும் நம்மவர் பலர் பின்வரிசைக்குப் போய்விடுகிறோம். பள்ளிக் கணக்குக்கு மேல் இதில் அதிகம் இல்லை.

எந்த நாட்டு இசையெழுத்தும் அடிப்படையில் இரண்டு செய்திகளைத் தாளில் பதிக்கிறது. ஒலி எவ்வளவு உயரம்? எவ்வளவு நேரம்? உயரம் என்பது அதிர்வின் வேகம். நொடிக்கு 440 முறை அதிரும் ஒலியை 'ஏ' என்ற சுரத்துக்கு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 1939இல் லண்டனில் கூடிய மாநாடு ஒன்று ஒத்துக்கொண்ட எண் அது. இரட்டித்தால் 880, அது மேல் ஸ்தாயியின் 'ஏ'. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை 12 சமபடிகளாக வெட்டியதுதான் கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும். ஒரு படி ஏறினால் அதிர்வு ஏறத்தாழ 1.0595 மடங்காகிறது, 12 முறை ஏறினால் சரியாக இரட்டிப்பு. இப்படிச் சமமாக வெட்டியது மனிதர் செய்துகொண்ட வசதி. தஞ்சாவூரில் சித்த மருத்துவம் செய்துவந்த ஆபிரகாம் பண்டிதர், ஸ்தாயிக்கு 22 சுருதி என்று சொல்லிவந்த நூல் மரபை மறுத்து, 24 என்று கணக்குப் போட்டு வாதாடினார். 1917இல் வெளிவந்த அவருடைய 'கருணாமிர்த சாகரம்' அந்த வாதத்தை விரிவாக எடுத்து வைக்கிறது. ஏணிக்கு எத்தனை படி என்பதே ஆளுக்கு ஆள் வழக்காடும் விஷயமாக இருந்திருக்கிறது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

உயரத்தைக் கோடுகளில் ஏற்றிக் காட்டும் முறைக்கு உருக்கொடுத்தவர் 11ஆம் நூற்றாண்டு இத்தாலியத் துறவி, அரெஸ்ஸோ ஊர்க்காரர் குய்தோ. அதுவரை தேவாலயப் பாட்டைச் சிறுவர்கள் காதால் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். பத்தாண்டு பிடிக்கும் படிப்பைத் தம் முறையால் ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில் முடித்துவிடலாம் என்று குய்தோ எழுதினார். அவருக்கு வேண்டியிருந்தது மெட்டு பிசகாமல் இருப்பது. கேட்டறியாத பாட்டையும் பார்த்த மாத்திரத்தில் பாடுவது. அதற்குத் தக்கபடி அந்த எழுத்து அமைந்தது. பின்னால் ஐந்து கோடுகளாக நிலைபெற்ற ஸ்டாஃப் நொட்டேஷன் இன்றும் மெட்டை எழுதுவதில் கெட்டி. கோட்டின் மேலே போனால் ஒலி உயரும், கீழே வந்தால் தாழும். குழந்தைக்கும் புரியும்.

நேரத்தை எழுதும் முறை பிறகு வந்து சேர்ந்தது. இங்கே தமிழ் படித்தவருக்கு ஒரு வசதி உண்டு. முழு நோட், அதில் பாதி அரை நோட், அதில் பாதி கால் நோட், அதற்கும் பாதி அரைக்கால் நோட், அதற்கும் கீழே வீசம். நம் பாட்டன்மார் களத்துமேட்டில் நெல் அளந்த அதே பின்னங்கள். உள்ளே வெள்ளையாக இருக்கும் முட்டை வடிவம் முழு நோட். காம்பு சேர்த்தால் அரை. முட்டையைக் கறுப்பாக நிரப்பினால் கால். காம்பில் ஒரு வால் போட்டால் அரைக்கால், இரண்டு வால் போட்டால் வீசம். ஒலிக்காமல் விடும் நேரத்துக்கும் தனிக்குறி உண்டு. அதை ஓய்வு என்போம். வரியின் தொடக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்கள் இருக்கும். நான்கின் கீழ் நான்கு என்றால், ஒரு கட்டத்துக்குள் நான்கு கால் நோட்டுகள். ஆறின் கீழ் எட்டு என்றால், ஆறு அரைக்கால் நோட்டுகள்.

நேரத்தை இப்படி எண்ணுவது நமக்குப் புதிதல்ல. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை என்று தமிழ் வகுப்பில் படித்தோம். கண் இமைக்கும் நேரத்தையும் கைநொடிக்கும் நேரத்தையும் அளவாக வைத்து மாத்திரையை வரையறுத்தது தொல்காப்பியம். சொற்கட்டு என்று வாயால் சொல்லித்தருவது இந்த மாத்திரைக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இனிப் பறைக்கு வருவோம். சினிமாவில் சேரிக்காரனைக் காட்டிக் கேலி செய்ய வேண்டுமானால் போதும், யாராவது வாயால் 'டண்டணக்கு' என்று சொல்லிவிடுவார்கள். நாமும் அதைக் கேட்டுத் தலை குனிந்திருக்கிறோம். அந்தக் கேலிச் சொல்லையே பாடமாக எடுத்துக்கொள்வோம். ஆறு எண்ணிக்கையில் அதை வைத்தால் இப்படி வரும்:

டண் – ட | ணக் கு –

ஒன்றில் 'டண்', இரண்டில் அதன் நீட்சி, மூன்றில் 'ட'. நான்கில் 'ணக்', ஐந்தில் 'கு', ஆறு ஓய்வு. ஆறின் கீழ் எட்டு என்று போட்டு, ஒரு கால் நோட், ஓர் அரைக்கால், மீண்டும் இரண்டு அரைக்கால், கடைசியில் அரைக்கால் ஓய்வு என்று எழுதினால் முடிந்தது. வியன்னாவிலிருக்கும் ஒரு வாத்தியக்காரர் இதைப் பார்த்துத் தன் மேசையில் தட்டிக்காட்டிவிடுவார். இது எந்த ஊர் அடி என்று கேட்க வேண்டாம். பாடத்துக்காக எடுத்துக்கொண்ட எளிய அடி. ஆனால் கேலிக்கு வாயில் வந்த அந்தச் சொல்லுக்குள்ளேயே நீளம், குறுக்கம், அழுத்தம், ஓய்வு நான்கும் இருக்கின்றன. கேலி செய்தவர் தெரியாமலே ஓர் இசைக்குறிப்பை ஒப்பித்திருக்கிறார்.

ஆகவே பறையை எழுத முடியுமா என்பதற்குப் பதில், முடியும். எழுதிய தாளில் எது விடுபட்டுப்போகிறது என்பதில்தான் வேலையே ஆரம்பிக்கிறது.

வியன்னாக்காரர் தட்டியது பறையடி ஆகாது. ஒரு கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி, மறு கையில் மூங்கிலில் சீவிய நீண்ட மெல்லிய சுண்டுக்குச்சி. ஊருக்கு ஊர் பெயர் மாறும். 'டண்' எந்தக் குச்சியில், 'ட' எந்தக் குச்சியில், இரண்டும் சேர்ந்து விழுவது எங்கே? தோலின் நடுவிலா, விளிம்பை ஒட்டியா? அடித்த குச்சியைத் தோலின் மேலேயே அழுத்தி நிறுத்துவதா, எடுத்துவிடுவதா? இவை எதையும் நாம் எழுதவில்லை. கூடவே இன்னொன்று. ஆசான்கள் அடிக்கும்போது அந்த மூன்றாவது எண்ணிக்கை சரியாக மூன்றில் விழுவதில்லை. ஒரு மயிரிழை முந்தியோ பிந்தியோ விழுகிறது. அந்த மயிரிழையில்தான் கேட்பவரின் கால் எழும்புகிறது. காலோ, பறையாட்டத்தில் இசையின் பாதி. அடவு மாறுவதற்கும் அடி மாறுவதற்கும் ஒரே சைகைதான். ஐந்து கோட்டில் காலுக்கு ஒரு கோடும் கிடையாது.

இதைக் கேட்டு, பார்த்தீர்களா, பறை எழுத்துக்கு அடங்காது என்று பெருமைப்பட்டு நிறுத்திவிடுகிற நண்பர்கள் நம்மிடையே உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்துக்கு முழுவதும் அடங்கிய இசை எங்குமே இல்லை. ஜாஸ் தாளைப் பாருங்கள்: சமமான அரைக்கால்களை வரிசையாக எழுதிவிட்டு, தாளின் தலையில் 'ஸ்விங்' என்று ஒரு சொல் போட்டிருப்பார்கள். அந்த அரைக்கால்களைச் சமமாக வாசித்தால் அது ஜாஸே அல்ல. மீதியெல்லாம் காது அறிந்தது. கர்நாடக சங்கீதத்திலும் இதே கதை. 1890களில் சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சிட்டார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யில் கமகங்களுக்கென்று தனித்தனிக் குறிகளையே உண்டாக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் சுரக்குறிப்பைப் பார்த்து மட்டும் தோடியைப் பாடிவிட முடியாது, குருவிடம் உட்கார வேண்டும். அதனால் தோடிக்கு இலக்கணம் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. அந்தச் சலுகை பறைக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது என்பதே நம் கேள்வி.

தேவைப்பட்டவர்கள் எழுத்தையே மாற்றியிருக்கிறார்கள் என்பதற்கு டிரம்செட் நல்ல சாட்சி. அந்த வாத்தியமே நியூ ஆர்லியன்ஸ் கறுப்பின இசைக்காரர்களின் தெருவிலும் நடன அரங்கிலும் உருப்பெற்றது. மூன்று பேர் அடித்ததை ஒரே ஆள் உட்கார்ந்து அடிக்க வேண்டி வந்தது. 1909இல் லட்விக் நிறுவனத்தின் மிதிகட்டை வந்தபின் பெரிய முரசைக் காலால் விரைவாக அடிக்க முடிந்தது. இதை எழுத ஐந்து கோடு போதாதே என்று யாரும் கைவிடவில்லை. கோடுகளின் பொருளையே மாற்றினார்கள். கீழ் இடைவெளி என்றால் கால்முரசு, நடுவில் ஸ்நேர், மேலே பெருக்கல் குறி போட்டால் தாம்பாளம் போன்ற சிம்பல். சுர உயரத்தைக் காட்டப் பிறந்த கோடு, எந்த உறுப்பில் அடிப்பது என்பதைக் காட்டத் தொடங்கியது. பறைக்கு ஐந்து கோடு தேவையில்லை, ஒற்றைக் கோடு போதும். அடிக்குச்சிக்குக் காம்பை மேல்நோக்கியும் சுண்டுக்குச்சிக்குக் கீழ்நோக்கியும் போடலாம். விளிம்புக்குப் பெருக்கல் குறி. அழுத்தி நிறுத்துவதற்கு ஒரு சிறு கூட்டல். காலுக்குக் கீழே இன்னொரு கோடு. வரியின் அடியில் சொற்கட்டைத் தமிழில் எழுதிவிட்டால், ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாதவரும் வாயால் சொல்லிப் பார்க்கலாம்.

ஸ்டாஃப் நொட்டேஷன் வெள்ளைக்காரன் சொத்து, நமக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒரு சொல். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் அதைக் கற்றார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. கிராமத்து மெட்டையும் வயலின் கூட்டத்தையும் ஒரே தாளில் எழுதி வாத்தியக்காரர்கள் முன் வைக்க அவருக்கு அந்த எழுத்து பயன்பட்டது. கருவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

பறையைப் பற்றி இசைப் புத்தகங்கள் சொல்லும் இன்னொரு குறையையும் பார்த்துவிடுவோம். பறை சுருதி இல்லாத வாத்தியம், மிருதங்கம் சுருதி உள்ள வாத்தியம் என்பார்கள். இதில் இயற்பியல் இருக்கிறது, அதற்குள் சாதியும் இருக்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலை அடித்தால் அடிப்படை அதிர்வோடு அதன் 1.59, 2.14, 2.30 மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து எழும். இவை முழு எண்களாக இல்லாததால் காது ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. கணீரென்ற ஓசையாகவே கேட்கிறது. திறந்தவெளியில் பல தெரு தாண்டிக் கேட்க வேண்டிய வாத்தியத்துக்கு இது குறையா? அந்த ஓசையையும் நம்மவர்கள் ஏனோதானோவென்று விட்டுவிடவில்லை. வேப்பங்கட்டைச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை ஒட்டி, அடிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காய்ச்சுகிறார்கள். ஈரம் போகத் தோல் சுருங்கும், இழுவை கூடும், ஒலி உயரும். இழுவை நான்கு மடங்கானால் அதிர்வு இரண்டு மடங்கு என்பது பௌதிகப் பாடம். தீயிலிருந்து எடுத்து விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டு என்று சொல்லும் ஆசானுக்கு அந்தச் சூத்திரம் காதில் இருக்கிறது.

மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாகப் பூசியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாரம்தான் தோலின் அதிர்வுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு மடங்குகளுக்கு இழுத்து வருகிறது. இதைச் சோதித்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் சி.வி. ராமன். அந்தப் பூச்சை மெல்லிய அடுக்கடுக்காக ஏற்றிச் சுருதியை வரவழைத்தவர்கள் யார்? மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலையும் கையாண்ட கைகள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களுக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார். இந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள் என்பதை டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலில் பதிவு செய்தார். அந்த நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது நாடறிந்த செய்தி. சுருதி உள்ள வாத்தியத்தையும் சுருதி இல்லாத வாத்தியத்தையும் செய்தவர்கள் ஒரே தெருக்காரர்கள். ஒன்று சபா மேடைக்குப் போயிற்று, மற்றது சாவு வீட்டு வாசலில் நிறுத்தப்பட்டது.

எழுத்தின் போதாமையை எழுதியவர்களே ஒத்துக்கொண்ட ஓர் இடம் உண்டு. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த சில ஆண்டுகளில், 1867இல், கறுப்பின மக்களின் 136 பாடல்களை மூன்று வெள்ளையர்கள் தொகுத்து வெளியிட்டார்கள். குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதையும், கூடிப் பாடும்போது ஆளுக்கு ஆள் சற்றே மாறிப் போவதையும் தாளில் கொண்டுவர முடியவில்லை என்று முன்னுரையில் எழுதினார்கள். பிற்பாடு ப்ளூஸ் என்று உலகம் அறிந்த இசையின் உயிர் அந்த வழுக்கலில் இருக்கிறது. கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே கிடக்கும் சுரம் அது.

1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் ரயில் நிலையத்தில் கறுப்பர் ஒருவர் கிதார் தந்தியின் மேல் கத்தியை வைத்து வழுக்கி வாசித்துக்கொண்டிருந்ததை டபிள்யூ.சி. ஹேண்டி கேட்டார். ஹேண்டியும் கறுப்பினத்தவரே, இசையெழுத்து படித்தவர். அந்த வகை இசையைத் தாளில் எழுதி 1912இல் 'மெம்ஃபிஸ் ப்ளூஸ்' என்று அச்சிட்டார். முதலில் அதன் உரிமையை அற்ப விலைக்கு இழந்தாலும், உலகம் அவரை ப்ளூஸின் தந்தை என்கிறது. அந்தப் பெருமைக்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் ரயில் நிலையத்தில் வாசித்தவரின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரே இனம், ஒரே துயரம், ஒரே இசை. எழுதத் தெரிந்தவருக்குப் பெயர் நின்றது.

அதே அமெரிக்காவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசு கொட்டி ஆள் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே தெற்கு கரோலினா சட்டம் போட்டு அடிமைகளிடமிருந்து முரசைப் பறித்தது. நம் நாட்டில் நடந்தது தலைகீழ். பறையை நம்மிடமிருந்து பறிக்கவில்லை. கீழே வைக்க விடவில்லை. சாவுக்கும் தண்டோராவுக்கும் அடித்தே ஆக வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதனால்தான் எல். இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிக்க மாட்டோம் என்பதையே போராட்டமாக்கினார்கள். குச்சியை முறித்துப் போட்ட தலைமுறையும், மேடையில் அதை மீண்டும் எடுத்த தலைமுறையும் ஒரே விடுதலையைத்தான் தேடின. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டியபோது ஊர்க் கட்டுப்பாடு மட்டுமல்ல, நம் வீட்டு ஆண்களின் கட்டுப்பாடும் உடைந்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வந்தது. மகிழ்ச்சி. ஆனாலும் விருது ஓர் ஆளுக்கு வருகிறது. அடி ஊருக்குச் சொந்தமாக இருக்கிறது. அதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

இதுதான் இந்த உரையின் மையம் என்பதால் கொஞ்சம் நின்று பேசுவோம். தொல்காப்பியம் கருப்பொருள்களில் பறையைச் சேர்த்திருக்கிறது, புறநானூற்றின் 335ஆம் பாட்டு பறையனை நான்கு குடிகளில் ஒன்றாகச் சொல்கிறது என்றெல்லாம் நாம் மேடைதோறும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அந்தச் சான்றுகளை எடுத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அங்கே செல்லுபடியாவது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது இசைப்படைப்பு என்றால் என்ன என்று வரையறுத்தது: மெட்டு, ஒத்திசைவு இரண்டும் சேர்ந்ததோ இரண்டில் ஒன்றோ, அதுவும் அச்சிட்டோ எழுதியோ வரைந்தோ இருக்க வேண்டும். இதில் இரண்டு வாசல்கள் நமக்கு அடைபட்டிருந்ததைக் கவனியுங்கள். எழுதாத இசை படைப்பு அல்ல. மெட்டும் ஒத்திசைவும் பேசிய வரையறையில் தாளம் என்ற சொல்லே இல்லை. தலைமுறை தலைமுறையாக அடி கட்டிய ஆசான், சுதந்திர இந்தியாவின் சட்டப்படி எதையும் படைக்காதவராக இருந்தார். 1994இல் கொண்டுவந்த திருத்தம், 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோதுதான், எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசை இசையே, அதை இயற்றியவர் இசையமைப்பாளரே என்று சட்டம் ஒத்துக்கொண்டது. நிகழ்த்துகிற கலைஞருக்கென்று தனி உரிமையும் அப்போதுதான் வந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 2012 திருத்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதோ சிறியதோ ஆகி, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலில்கூட அவர் பெயர் போடுவதில்லை என்றால், அவரை நிகழ்த்துகலைஞராகக் கொள்ள வேண்டியதில்லை. அவர் நிகழ்த்தியதைச் சிதைத்துப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை மட்டும் மிஞ்சும். குத்துப்பாட்டிலும் சாவுக் காட்சியிலும் பின்னால் நின்று அடிக்கும் எத்தனை பேருடைய பெயரைத் திரையில் பார்த்திருக்கிறோம்? பெயர் போடாமல் விடும் பழக்கமே, உரிமை தராமல் இருப்பதற்குக் காரணமாகிவிடுகிறது.

இப்போது ஆளே தேவையில்லை என்ற நிலையும் வந்துவிட்டது. ஒரு நாள் பறைக்குழுவை வரவழைத்து அடிகளைத் தனித்தனியே பதிந்துகொண்டால் கணினியிலேயே மீதியை அடுக்கிவிடலாம். 1983 முதல் கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்ளும் மிடி என்ற முறையில், ஓர் அடி என்பது ஓர் எண். எவ்வளவு வேகமாக விழுந்தது என்பது 0 முதல் 127 வரை இன்னோர் எண். நம் காலத்தின் நொட்டேஷன் இதுதான் என்று சொல்லலாம். 1991இல் உலகப் பொதுவாக வகுத்த மிடி பட்டியலில் தாளவாத்திய ஒலிகள் 47. போங்கோ உண்டு, கோங்கா உண்டு, பிரேசிலின் குயிக்காவும் உண்டு. பறை இல்லை, தவிலும் இல்லை, மிருதங்கம்கூட இல்லை. இந்த ஒரு விஷயத்தில் சபாவும் சேரியும் சமமாக ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று சிரித்துக்கொள்ளலாம். பதிந்த பறையடியைக் கணினியின் கட்டங்களில் சரியாகப் பொருத்தும் வசதியும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் முன்னே சொன்ன மயிரிழை காணாமல் போகும். பிழையைத் திருத்தினோம் என்று மென்பொருள் சொல்லும்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளுக்குக் குரலிசை, நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், பரதம், தேவாரம் என்று துறைகளை வகுத்தபோது பறை அந்த வரிசையில் இடம்பெறவில்லை. பாடத்திட்டம் வேண்டும் என்று இனி நாம் கேட்கும்போது, பாடம் எங்கே என்று திருப்பிக் கேட்பார்கள். கையில் தாள் இருக்க வேண்டும். அந்தத் தாளை நாம் எழுதாவிட்டால், நாலு நாள் முகாமுக்கு வந்து கற்றுப்போன வேறு யாராவது எழுதி, மேலே தன் பெயரைப் போட்டுக்கொள்வார்.

மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, நாம் பறட்டை என்று அன்போடு அழைத்த தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையின் பலமே அதை யார் வேண்டுமானாலும் தம் பாட்டுக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்பதில் இருக்கிறது என்று கருதியவர். அவர் பக்கமிருந்து ஒரு தடை எழும்: எழுதிவிட்டால் அடி உறைந்துபோகாதா? எழுதியதே சரி, கிழக்குத் தெரு ஆசான் அடிப்பது தவறு என்று நாளைக்கு ஒரு தேர்வாளர் சொல்ல மாட்டாரா? சொல்வார். குய்தோவின் எழுத்து தேவாலயப் பாட்டை ஊருக்கு ஊர் ஒன்றாக்கவே பயன்பட்டது என்பதை மறக்க வேண்டாம். அதனால் எழுதும் முறையிலேயே அதற்கு இடம் விட வேண்டும். ஒரே அடியை இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக அடித்தால் இரண்டு தாள் எழுதுவோம். ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் திரிபு என்றும் குறிக்க வேண்டாம். ஆசான் அந்த இடத்தில் தம் விருப்பத்துக்கு விளையாடுவார் என்றால் கட்டத்தை வெற்றாக விட்டு, கீழே அப்படியே எழுதிவிடுவோம்.

அச்சான இசைத் தாளில் வலது மேல் மூலை இயற்றியவருக்கு உரியது. நாட்டுப்புறப் பாட்டு என்றால் அங்கே 'மரபு' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நாம் எழுதும் தாளில் அந்த மூலையில் சொல்லிக்கொடுத்தவரின் பெயர், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பெயர், ஊர், எந்தச் சடங்குக்கு அல்லது கொண்டாட்டத்துக்கு அடித்தது, அடித்துக்காட்டிய நாள், எழுதியவரின் பெயர் ஆகியவை இருக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்று ஆசான் சொன்னால் ஊர் மட்டும் போதும். சாவு அடி என்று வெளியே சொல்ல அவருக்கு மனமில்லாமலிருந்தால் அதையும் கேட்டுக்கொண்டே எழுத வேண்டும்.

பிற்பகல் அமர்வுக்குக் குச்சியோடு வந்திருப்பவர்களுக்கு இரண்டு கோடு போட்ட தாள்கள் வைத்திருக்கிறோம். மேல் கோடு கைக்கு, கீழ்க் கோடு காலுக்கு. ஒருவர் அடிக்க, பக்கத்திலிருப்பவர் சொற்கட்டைத் தமிழில் எழுதினால் போதும். நோட்டுகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஓர் அடி.